எந்தப் பெட்டியின் சாயல்? எமுலேட்டர் திரையும் கேமரன் மலைத் தோட்டங்களும்

1. கேள்வி

பழைய வீடியோ விளையாட்டுகளை இன்று கணினியில் எமுலேட்டர் (பழைய பெட்டியைப் பாவனை செய்யும் நிரல்) வழியாக ஆடுவோரில் பலர், படத்தை அதன் கூர்மையோடு அப்படியே பார்க்க விரும்புவதில்லை. 'ஷேடர்' எனப்படும் சிறு நிரலொன்றை இடையில் நிறுத்துகிறார்கள். அது வரிகளுக்கு நடுவே கருமை சேர்க்கும்; வெளிச்சமான இடங்களின் ஓரத்தைக் கசியவிடும்; சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகளாலான வலையை மேலே போர்த்தும்; மூலைகளை வளைக்கும். தட்டைத் திரையில் ஒரு படக்குழாய்த் தொலைக்காட்சி உருவாகிவிடும்.

அந்தத் தொலைக்காட்சி யாருடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெரும்பாலான ஷேடர்கள் முன்னிருப்பாகத் தருவது அமெரிக்க, ஜப்பானியப் பெட்டியை. அதிலும் நன்கு பராமரிக்கப்பட்ட சோனி டிரினிட்ரானை, அல்லது ஒளிபரப்பு நிலையங்களில் இருந்த தொழில்முறை மானிட்டரை. மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) ஒன்றில் 1990களில் ஓடியிருக்கக்கூடிய பெட்டி இவை இரண்டும் அல்ல. அதற்கு வந்த ஒளிபரப்பு முறை வேறு, செருகப்பட்ட விளையாட்டுப் பெட்டி வேறு, சுற்றியிருந்த காற்றும் நிலமும் வேறு. அந்தச் சூழலைத் தொழில்நுட்பக் கண்ணால் கட்டியெழுப்பிப் பார்த்தால், 'பழைய டிவியின் சாயல்' பற்றி இன்று வழங்கும் சில கருத்துகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒளிபரப்பு முறைமை, சில்லுகளின் கடிகாரம், மலையின் அமைப்பு ஆகிய மூன்றும் இங்கே சான்றாகின்றன.

2. இதுவரையிலான பேச்சு

விளையாட்டையும் தொலைக்காட்சியையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்ற கருத்துக்கு வலுவான தொடக்கம் தந்தது, நிக் மாண்ட்ஃபோர்ட்டும் இயன் போகோஸ்டும் 2009-இல் வெளியிட்ட 'ரேசிங் த பீம்'. அடாரி விசிஎஸ் பெட்டிக்கு நிரல் எழுதியவர், திரையில் ஓடும் மின்னணுக் கற்றையின் வேகத்தோடு போட்டியிட்டே படத்தை வரைய வேண்டியிருந்தது என்பதை அந்நூல் விளக்கியது. போகோஸ்ட் ஜார்ஜியா டெக் மாணவர்களைக் கொண்டு 'ஸ்டெல்லா' என்னும் அடாரி எமுலேட்டருக்கு ஒரு தொலைக்காட்சிப் பாவனையையும் செய்வித்தார்: நிறக் கசிவு, இரைச்சல், பின்தங்கும் ஒளி ஆகியவை அதில் இருந்தன. நேதன் ஆல்டிஸ் 2015-இல் எழுதிய 'ஐ ஆம் எரர்' நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியை இதே நுணுக்கத்தோடு ஆராய்ந்தது.

இந்தப் போக்கின் மையவாதம் எளியது. அக்கால ஓவியர்கள் படக்குழாயை மனத்தில் வைத்தே வரைந்தார்கள். கூர்மையான சதுரங்களாகப் பார்ப்பது அவர்கள் வரைந்ததைப் பார்ப்பதாகாது. அடிக்கடி காட்டப்படும் சான்று 1991-இல் வந்த 'சோனிக்' விளையாட்டின் அருவி. செகா மெகா டிரைவால் ஒளி ஊடுருவும் நிறத்தைக் காட்ட இயலாது. ஆகவே அருவி ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டது. காம்போசிட் கம்பி வழியே வரும்போது அக்கோடுகள் கலந்து கண்ணாடித் தண்ணீராகின்றன. இன்றைய திரையில் வேலிக் கம்பிகளாகத் தனித்தனியே நிற்கின்றன.

தன்னார்வ நிரலாளர்கள் இதைக் கருவிகளாக்கினார்கள். 'பிளார்க்' என்ற பெயரில் அறியப்பட்ட ஷே கிரீன், அமெரிக்க, ஜப்பானிய ஒளிபரப்பு முறையான என்டிஎஸ்சியின் சமிக்ஞையைப் பாவனை செய்யும் வடிகட்டிகளை எழுதினார். 2014-இல் வந்த 'சிஆர்டி-ராயல்' குழாயின் முகமூடியையும் (நிறங்களைப் பிரிக்கும் துளைத் தகடு) கசிவையும் மிக நுணுக்கமாகக் கணக்கிட்டது. நிண்டெண்டோவே 2016-இல் விற்ற 'என்இஎஸ் கிளாசிக்' சிறு பெட்டியில் படக்குழாய்ச் சாயலை ஒரு தெரிவாக வைத்தது. 2024 டிசம்பரில் பிளர் பஸ்டர்ஸ், டிமத்தி லாட்டஸுடன் சேர்ந்து வெளியிட்ட ஷேடர், கற்றை மேலிருந்து கீழே இறங்கும் ஓட்டத்தையே பாவனை செய்தது.

இன்னொரு பக்கம், கெட்டுப்போன படத்தைப் பற்றிய ஆய்வுகள் இருக்கின்றன. பிரயன் லார்கின் 2008-இல் எழுதிய 'சிக்னல் அண்ட் நாய்ஸ்', நைஜீரியாவின் கானோ நகரில் நகலின் நகலாகச் சுற்றிய வீடியோக்களைக் கவனித்தது. மங்கலும் இரைச்சலும் அங்கே விபத்துகளல்ல, பார்க்கும் அனுபவத்தின் பகுதியே என்றது. ஹிட்டோ ஸ்டையெர்ல் 2009-இல் 'ஏழைப் படிமம்' பற்றி எழுதியதும் இத்திசையில்தான்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கும் ஒருவருக்கு இயல்பாகவே ஒரு முடிவு தோன்றும்: மேற்கின் தெளிந்த மானிட்டருக்கு மாற்றாக, விளிம்புநிலைப் பார்வையாளரின் படத்தை மீட்க வேண்டுமானால் புள்ளியும் இரட்டை உருவமும் கொண்ட ஷேடர்தான் பொருத்தம். கேமரன் மலையில் இந்த முடிவு நிற்காது என்பதே என் வாதம்.

3. மலையும் அலையும்

மலாயாவில் மலைத் தேயிலையின் கதை 1929-இல் ஜே.ஏ. ரசல் ஹாபுவில் போ தோட்டத்தைத் தொடங்கியதோடு ஆரம்பமாகிறது. 1933-இல் பாரத் நிறுவனம் வந்தது. சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி எனத் தோட்டங்கள் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் படிந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் லயங்களும், பின்னர் தமிழ்ப்பள்ளிகளும் அங்கேயே எழுந்தன. தேயிலைக்கு வாய்ப்பான நிலம், தொலைக்காட்சி அலைக்கு வாய்ப்பற்ற நிலம். விஎச்எஃப், யூஎச்எஃப் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குனோங் பிரிஞ்சாங் 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. கோபுரம் எத்தனை உயரத்தில் இருந்தாலும், இடையே ஒரு மலைமுதுகு இருந்தால் அடிவாரத்து லயத்துக்கு நேரடி அலை தேய்ந்தே வரும். எதிர்ச்சரிவில் மோதித் திரும்பும் அலை அதைவிடச் சற்றுத் தாமதமாக வந்து சேரும்.

அந்தத் தாமதம் திரையில் எவ்வளவு? மலேசியா பின்பற்றிய 625 வரி பிஏஎல் முறையில் ஒரு வரியின் காணும் பகுதி சுமார் 52 மைக்ரோ நொடி. திரும்பி வந்த அலை 600 மீட்டர் கூடுதலாகப் பயணித்திருந்தால் 2 மைக்ரோ நொடி பிந்தும். 20 அங்குலப் பெட்டியில் அது முதல் உருவத்துக்கு வலப்புறம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி மங்கலான இன்னோர் உருவமாக விழும். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு. கூரையேறி ஏரியலைத் திருப்புவதும், "இப்ப எப்படி இருக்கு?" என்று மேலிருந்து கத்துவதும் இந்த இயற்பியலின் விளைவுகள். 1963 டிசம்பரில் தொடங்கிய மலேசியத் தொலைக்காட்சி, 1978-இன் இறுதியில் வண்ணமான பிறகும், 2019-இல் தீபகற்பத்தில் அனலாக் ஒளிபரப்பு நின்றதுவரையும், பள்ளத்தாக்குகளில் இச்சிக்கல் உடன் இருந்தது.

ஆனால் விளையாட்டுப் பெட்டியின் படம் அந்த வழியாக வரவில்லை. ஏரியல் கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து வரும் ஒன்றிரண்டு மீட்டர் கம்பியை அந்த இடத்தில் செருகுகிறோம். மலையும் எதிரொலியும் மூடுபனியும் அந்தக் கணத்தில் படத்திலிருந்து விலகிவிடுகின்றன. படத்தை ஏரியல் அலையாக மாற்றித் தரும் மலிவான ஆர்எஃப் மாடுலேட்டர் தன் பங்குக்குச் சிறு இரைச்சலையும் குறுக்குக் கோட்டுப் பின்னலையும் சேர்க்கும். இரட்டை உருவத்தை மட்டும் அது உண்டாக்காது. கோலாலம்பூரில் கோபுரத்துக்கு அருகே குடியிருந்த ஒருவருக்கு விளையாட்டின் படம் ஒளிபரப்பைவிடச் சற்று மட்டமாகத் தோன்றியிருக்கலாம். பள்ளத்தாக்கு லயத்தில் நிலைமை தலைகீழ்: அந்தப் பெட்டியில் வந்த படங்களிலேயே நிலையானது விளையாட்டின் படமாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே 'மலைத்தோட்டத்து டிவி' என்று ஒரு ஷேடர் செய்து, அதில் புள்ளிமழையும் நிழலுருவும் சேர்த்தால், ஒளிபரப்பின் குறையை விளையாட்டின் மீது ஏற்றியதாகும். லார்கின் ஆராய்ந்த வீடியோ நாடாவில் ஒவ்வொரு நகலிலும் படம் தேய்ந்தது. கேசட் சில்லில் இருந்த விளையாட்டோ, திருட்டு நகலானாலும் ஒரு பிட் குறையாமல் வந்தது. அவருடைய சட்டகத்தை இங்கே நீட்டும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

4. பெட்டிக்குள் நுழைந்த வழி

அப்படியானால் வித்தியாசம் எங்கே? விளையாட்டுப் பெட்டியில்தான். 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம், என்டிஎஸ்சி முறையில் 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஜப்பானிய அலைவரிசைகளில் படத்தை அனுப்பியது. மலேசியப் பெட்டியின் விஎச்எஃப் கீழ்ப்பட்டை 68 மெகாஹெர்ட்ஸோடு முடிந்து, மேல்பட்டை 174-இல் தொடங்கியது. இடையில் இருந்தது எஃப்எம் வானொலி. அதாவது ஜப்பானியப் பெட்டியை அப்படியே கொண்டுவந்து செருகினால், தொலைக்காட்சி எட்டாத இடத்தில் அது படம் அனுப்பிக்கொண்டிருக்கும். அலைவரிசை பொருந்தினாலும் பிஏஎல் மட்டும் அறிந்த பெட்டியில் நிறம் வராது.

இந்த இடைவெளியை நிரப்பியவை, ஃபேமிகாமைப் போலச் செய்த குளோன் பெட்டிகள். தைவானின் டிஎக்ஸ்சி நிறுவனம் செய்த 'மைக்ரோ ஜீனியஸ்' மலேசியாவில் பலரும் அறிந்த பெயர். தமிழ்நாட்டில் இதே இடத்தை 'லிட்டில் மாஸ்டர்' போன்ற பெட்டிகள் பிடித்தன. இத்தகைய குளோன்கள் பிஏஎல் நாடுகளுக்கெனத் திருத்தப்பட்டவை. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மலேசிய முறையில் ஒலி, படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், ஹாங்காங்கில் 6.0, சீனப் பெருநிலத்தில் 6.5. வேறு சந்தைக்கான மாடுலேட்டர் கைக்கு வந்தால் படம் ஒழுங்காக வரும், ஒலி இருக்காது அல்லது கரகரக்கும்.

நிறத்திலும் வேறுபாடு உண்டு. என்டிஎஸ்சியில் நிறத்தின் சாயல் சமிக்ஞையின் கட்டத்தைப் பொறுத்தது. அதனால்தான் அப்பெட்டிகளில் சாயலைத் திருத்தத் தனிக் குமிழ் இருந்தது. பிஏஎல் முறை அடுத்தடுத்த வரிகளில் கட்டத்தைப் புரட்டிச் சராசரி எடுக்கிறது. பிழை சாயலில் தெரியாமல் நிறச்செறிவில் மட்டும் சிறிது குறையும். சரியான ஃபேமிகாம் வண்ணத்தட்டு எது என்று ஆர்வலர்கள் ஓயாது நடத்தும் விவாதத்தில் பெரும்பகுதி என்டிஎஸ்சிக்கு உரியது. மலேசியப் பெட்டிக்கு அது அதே அளவில் பொருந்தாது.

5. ஆறில் ஐந்து பங்கு வேகம்

சாயலைவிட முக்கியமானது காலம். ஜப்பானிய, அமெரிக்கப் பெட்டி நொடிக்குச் சுமார் 60 படங்களை வரைந்தது. பிஏஎல் பெட்டி 50. அக்கால விளையாட்டுகள் தங்கள் கடிகாரத்தைப் படங்களின் எண்ணிக்கையாலேயே அளந்தன. ஒரு சான்று போதும். 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முதல் கட்டம் 400 என்ற எண்ணோடு தொடங்குகிறது. 24 படங்களுக்கு ஒருமுறை அது ஒன்று குறையும். 60 படப் பெட்டியில் 400-உம் தீர 160 நொடி. 50 படப் பெட்டியில் 192 நொடி. பள்ளத்தின் மேல் பாயும் மாரியோவும், அவனை நோக்கி நகரும் எதிரியும், பின்னணி இசையும் அதே விகிதத்தில் தாமதமாகும். அமெரிக்கச் சிறுவன் ஆடியதைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவான விளையாட்டு இது.

இசையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நிண்டெண்டோவின் அதிகாரபூர்வ பிஏஎல் பெட்டியில் செயலியின் கடிகாரமும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66 ஆகக் குறைந்தது. சுருதி அதைச் சார்ந்தது என்பதால், மாற்றம் செய்யாத விளையாட்டை அதில் ஓட்டினால் இசை ஓர் அரைச்சுருதிக்கு மேல் தாழும். பிஏஎல் நாடுகளுக்கான குளோன்களில் வழக்கமாக இருந்த தைவானின் யூஎம்சி சில்லுகள் வேறு வழியில் போயின. செயலியை 1.773 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி, கூடுதல் வரிகளை வெற்றாகக் கழித்து, ஜப்பானிய விளையாட்டுகள் தடுமாறாமல் ஓடும்படி செய்தன. விளைவு: சுருதி ஏறத்தாழ மூலத்தோடு ஒத்தது, தாளம் மட்டும் மெதுவானது. அதிகாரபூர்வ ஐரோப்பியப் பெட்டியும் இப்படி ஒலிக்கவில்லை, ஜப்பானியப் பெட்டியும் இப்படி ஒலிக்கவில்லை. குளோன் உலகின் தனிக் கேட்பு அனுபவம் இது.

எமுலேட்டர்கள் இதை அறியாதவையல்ல. மெசன், எஃப்சிஇயூஎக்ஸ் போன்றவற்றில் ரஷ்யாவில் புகழ்பெற்ற குளோனின் பெயரால் 'டெண்டி' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதே நேரக்கணக்கு மலேசியாவுக்கும் இந்தியாவுக்கும் பொருந்தும். ஆனால் சந்தை இந்த 50-ஐக் குறையாகவே மதிக்கிறது. 2018-இல் சோனி விற்ற 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' சில விளையாட்டுகளை அவற்றின் பிஏஎல் வடிவில் தந்தபோது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனம் நியாயமானது. மூலமாக 60-இல் செய்யப்பட்ட விளையாட்டை வாங்குபவர் 60-ஐ எதிர்பார்க்கலாம். மலேசியாவுக்கே பிளேஸ்டேஷன் வந்தபோது அது ஆசிய என்டிஎஸ்சி வடிவில்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 50 படக் காலம் குளோன் தலைமுறைக்கு உரியது. எல்லாத் தலைமுறைக்கும் விரிக்கத் தக்கதல்ல.

6. குழாயும் ஈரமும்

பெட்டியின் உடலிலும் இடத்தின் தடம் உண்டு. கேமரன் மலையில் ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டும். காற்று பெரும்பாலும் நனைந்தே இருக்கும். படக்குழாயின் கழுத்தில் பொருந்தும் சாக்கெட் வழியே பல ஆயிரம் வோல்ட் குவிய மின்னழுத்தம் செல்கிறது. அதன் உள்ளே தூசும் ஈரமும் அரிப்பும் சேர்ந்தால் மின்சாரம் கசிந்து குவியம் தளரும். போட்டவுடன் படம் மங்கலாக இருக்கும். உள்ளே சூடேறி ஈரம் உலர உலரத் தெளியும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் பழுதுபார்ப்பவர்களுக்குப் பழக்கமான கோளாறு இது. "சாக்கெட்டை மாத்துனா சரியாயிடும்" என்பார்கள். ஷேடரில் மங்கலை ஓர் எண்ணாக நிறுத்திவிடுகிறோம். உண்மையான மங்கலுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன.

மின்சாரமும் அப்படியே. பழைய பெட்டிகளில் மின்னழுத்தம் தாழ்ந்தால் படம் நான்கு பக்கமும் சுருங்கும். தோட்டத்தில் மின்சாரம் என்பது தொழிலாளர் உரிமையின் வரலாற்றோடு பிணைந்தது. குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரம் தருவதை முதலாளியின் கடமையாக்கிய குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-இல்தான் வந்தது. ஷேடரில் ஓரங்களில் விடும் கறுப்புப் பட்டைக்குப் பின்னால் இத்தகைய வரலாறும் இருக்கக்கூடும்.

குழாய் எங்கோ தொலைவில் பிறந்ததும் அல்ல. 1990களில் மலேசியாவே படக்குழாய்களும் தொலைக்காட்சிகளும் செய்து ஏற்றுமதி செய்த நாடு: செரம்பானில் சாம்சங்கின் குழாய் ஆலை, ஷா ஆலாமில் தைவானின் சுங்ஹுவா, பாங்கியில் சோனியின் தொலைக்காட்சித் தொழிற்சாலை. படக்குழாயை மேற்கின் அல்லது ஜப்பானின் நினைவுச்சின்னமாக மட்டும் பார்ப்பது வரலாற்றுப்படியும் குறையுடையது.

7. எதை மீட்பது, எதை விடுவது

இவற்றையெல்லாம் ஒரே ஷேடரில் திணிக்க வேண்டுமா? தேவையில்லை. குறைகளைத் தரம்பிரித்தால் மூன்று அடுக்குகள் கிடைக்கின்றன.

முதலாவது, விளையாட்டின் இயல்பையே மாற்றுபவை: 50 பட வேகம், குளோனின் நேரக்கணக்கு, படத்தின் வடிவம். பிஏஎல் திரையில் ஃபேமிகாம் பிக்சல் உயரத்தைப்போல் சுமார் 1.39 மடங்கு அகலம், என்டிஎஸ்சியில் 1.14. அதனால் மாரியோ சற்றுக் குட்டையாகிறான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது. இவற்றை மீட்பது அடிப்படை. இதற்கு ஷேடரே வேண்டாம். எமுலேட்டரின் அமைப்பும் 50-இல் ஓடக்கூடிய திரையும் போதும். 60-இல் மட்டும் ஓடும் திரையில் ஐந்து படங்களுக்கு ஒன்று இருமுறை காட்டப்பட்டு அசைவு திக்கும்.

இரண்டாவது, கம்பியும் குழாயும் இயல்பாகச் செய்பவை: நிறக் கசிவு, வரி இடைவெளி, துளைமுகமூடியின் வடிவம். டிரினிட்ரானின் செங்குத்துக் கம்பிகளுக்குப் பதிலாக, சாதாரண வீட்டுப் பெட்டிகளில் இருந்த நீள்துளை முகமூடியைத் தேர்வது நியாயம். 4கே திரையில் விளையாட்டின் ஒரு வரிக்கு ஏழெட்டுப் பிக்சல் கிடைப்பதால் இது ஓரளவு கைகூடும். முகமூடியும் கருமையும் ஒளியை விழுங்கும் என்பதால் திரைக்குப் பிரகாசம் மிகுதியாக வேண்டும்.

மூன்றாவது, தற்செயலானவை: ஈரத்தின் மங்கல், மின்னழுத்தச் சுருக்கம், மாடுலேட்டரின் ஒலிப் பொருந்தாமை. இவற்றை அலங்காரமாக்குவது வறுமையை வண்ணமாகப் பூசுவதில் முடியும். இவற்றுக்குரிய இடம் ஆவணம். எந்தப் பெட்டி, எந்தக் குளோன், எந்த அலைவரிசை, எந்தத் தோட்டம் என்ற குறிப்புகள், வாய்மொழி வரலாறு, பழுதுபார்த்தவர்களின் அறிவு ஆகியவை எழுதி வைக்கப்பட வேண்டும். பிரிஞ்சாங்கில் அன்றாடப் பொருள்களுக்கென 'டைம் டனல்' என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இத்தகைய சேகரிப்புகள் பொருளோடு அதன் இணைப்புமுறையையும் குறித்து வைத்தால் ஆய்வுக்கு உதவும்.

ஷேடரால் ஆகாதது ஒன்றும் உண்டு. குளோன்களோடு வந்த துப்பாக்கி, குழாயின் கற்றை உண்டாக்கும் ஒளித்துடிப்பை அதே கணத்தில் உணர்ந்து இயங்கியது. எல்சிடி திரையில் எத்தனை துல்லியமான சாயல் ஏற்றினாலும் துப்பாக்கி விளையாட்டின் வாத்து விழாது. படக்குழாய் ஒரு தோற்றமாக மட்டும் இருந்ததில்லை. அது ஒரு கடிகாரமாகவும் வேலை செய்தது.

8. முடிவு

பழைய தொலைக்காட்சியின் சாயல் என்று இன்று விற்கப்படுவதும் பகிரப்படுவதும் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் நினைவு. அதற்கு மாற்றாகக் கேமரன் மலைக்கெனப் புள்ளிகள் நிறைந்த சாயலைக் கற்பனை செய்வதும் அதே தவற்றின் மறுபக்கம்; தொலைவில் இருப்பவரின் படம் கெட்டதாகத்தான் இருந்திருக்கும் என்ற முன்முடிவு அதில் ஒளிந்திருக்கிறது. தொழில்நுட்பச் சான்று வேறொன்றைக் காட்டுகிறது: ஒளிபரப்பு தடுமாறிய அதே பெட்டியில், விளையாட்டு நிலையாக, சுருதி குன்றாமல், ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடியது. மீட்புப் பணி தொடங்க வேண்டிய இடம் அந்த வேகம். முகமூடியும் கசிவும் அடுத்து வரட்டும். இரைச்சலைச் சேர்க்க விரும்புபவர், அது எந்தக் கம்பி வழியாக வந்தது என்பதற்கு முதலில் சான்று காட்ட வேண்டும்.